நுரை பார்த்த ஊர்

கல்லமேட்டில் ஒரு மனிதரின் கிட்னியிலிருந்து வந்த கல் முதன்முதலில் நுரைத்தது கலியபெருமாளுக்குத்தான். அதற்கு முன்பும் எங்கள் ஊரில் நீரடைப்பு உண்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டவர்கள் உண்டு, வாழைத்தண்டுச் சாற்றைச் சொம்பு சொம்பாகக் குடித்தவர்கள் உண்டு, பீர் குடித்தால் கல் கரையும் என்று எவனோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கல் போன பிறகும் கரைத்துக்கொண்டே இருந்தவர்கள் உண்டு. ஆனால் வெளியே விழுந்த கல்லை இரண்டாவது தடவை திரும்பிப் பார்த்தவர் கிடையாது. கலியபெருமாள் மட்டும் தன் கல்லைக் கழுவித் துடைத்து, மூக்குப்பொடி டப்பாவில் போட்டு, தான் மூட்டை ஏற்றும் சிமெண்டுக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போனார். பட்ட பாட்டை நாலு பேரிடம் காட்டாவிட்டால் எப்படி என்பது அவர் நியாயம்.

காட்டிக்கொண்டே போனவர் கடைசியில் கம்பெனியின் சோதனைக்கூடத்துக்குள் நுழைந்தார். அங்கே அமுதவல்லி இருந்தாள். எங்கள் ஊரில் பிறந்து எங்கள் ஊரிலேயே வாக்கப்பட்டவள், வேதியியல் படித்தவள், புகுந்த வீட்டார் நிலத்தை விற்றதற்காகக் கம்பெனி அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தது. பள்ளத்திலிருந்து வெட்டி வரும் சுண்ணாம்புக்கல்லை இடித்துக் கரைத்து, அதில் சுண்ணாம்பு எவ்வளவு, மணல் எவ்வளவு, மக்னீசியா எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் அவள் நாள் முழுக்கச் செய்வது. கலியபெருமாள் டப்பாவை நீட்டியபோது அவள் கையில் அமிலம் நிரப்பிய சொட்டுக்குழாய் இருந்தது. விளையாட்டாக ஒரு சொட்டு விட்டாள். மனிதருக்குள் விளைகிற கல் பெரும்பாலும் ஆக்சலேட்; அமிலத்தில் போட்டால் அது பேசாமல் கிடக்கும். சுண்ணாம்புக்கல்தான் அமிலம் பட்டதும் பொங்கும். கலியபெருமாளின் கல் பொங்கியது, சோடாப் புட்டியைத் திறந்த மாதிரி சத்தம் போட்டது, டப்பாவின் விளிம்பைத் தாண்டி வெள்ளையாக வழிந்து அவர் கையை நனைத்தது.

அமுதவல்லி மிச்சத்தை உரலில் இட்டுப் பொடித்தாள், கரைத்தாள், சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டு ஒயின் நிறம் நீலமாக மாறும் இடத்தில் நிறுத்திக் கணக்குப் போட்டாள். வந்த அளவுகளை எங்கேயோ பார்த்த ஞாபகம் அவளுக்கு. எங்கள் ஊரில் கொல்லை என்று சொல்லும் மானாவாரி நிலங்களில் துளை போட்டு எடுத்த கல் மாதிரிகளையெல்லாம் கம்பெனி அலமாரியில் வரிசையாக வைத்திருந்தது, போய்ப் பார்த்தாள். கலியபெருமாள் கம்பெனிக்கு விற்ற பனங்கொல்லையின் கல்லும் கலியபெருமாளின் கல்லும் புள்ளி மாறாமல் ஒன்றாக இருந்தன. எங்கள் ஊர் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்ததாம், அதனால் எங்கள் கல்லுக்குள் சிப்பி இருக்கும். அவர் கல்லிலும் எள்ளளவுக்கு ஒரு சிப்பி இருந்தது. ஒங்களுக்கு வந்தது ஒங்க பனங்கொல்லக் கல்லுதான் மாமா என்று அவள் சொல்ல, அதானே பார்த்தேன், வேற கல்லு இப்படி வலிக்காதே என்று சொல்லிவிட்டு அவர் மூட்டை ஏற்றப் போய்விட்டார்.

அதன்பிறகு ஊரில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வந்தது. ஓடைக்கொல்லையை விற்றவருக்கு ஓடைக்கொல்லைக் கல், முந்திரிக்கொல்லையை விற்றவருக்கு முந்திரிக்கொல்லைக் கல், கூட்டுப் பட்டாவாக இருந்த களத்துமேட்டுக் கொல்லையை விற்ற பங்காளிகள் நாலு பேருக்கும் ஒரே வாரத்தில் ஒரே அளவில் ஒரே கல். கல்யாணமாகி வெளியூர் போய் அங்கேயே பேரன் பேத்தி எடுத்துவிட்ட சரோஜா, அப்பன் சொத்தில் விடுதலைக் கையெழுத்துப் போட ஒரே ஒருநாள் வந்துபோனவள், அவளுக்கும் அப்பன் கொல்லையின் கல் வந்தது. வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இரண்டு அண்ணன் தம்பிகள் அமுதவல்லியிடம் வந்து, எவன் கல்லில் எவன் மண் கலந்திருக்கிறது என்று பிரித்துச் சொல்லச் சொன்னார்கள். தம்பி கல்லில் அண்ணன் பக்கத்து மணல் ஒரு பங்கு ஏறியிருந்தது, சொன்னாள், அன்றைக்கு நடந்த சண்டையில் தம்பியின் முன்பல் போனது. கொல்லை கம்பெனிக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அங்கே வரப்பும் இல்லை, மண்ணும் இல்லை, தென்னை உயரத்துக்குப் பள்ளம்தான் இருக்கிறது என்பது அவர்கள் இருவருக்கும் தெரியாமல் இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கல் வரவில்லை. வயசு பத்தாது என்றோம். அமுதவல்லிக்கு வரவில்லை, அமிலம் புழங்கும் உடம்பு என்றோம். எதற்கும் ஒரு காரணம் சொல்லிவிடுவதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

காது குத்து, மஞ்சள் நீர் மாதிரி இதற்கும் ஒரு சடங்கு வந்துவிட்டது. நுரை பார்ப்பது என்று பெயர். கல் வெளியே வந்த மறுநாள் காலையில் சொந்தபந்தங்களைக் கூப்பிட்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வாழைப்பழம் வைத்து, நடுவில் பீங்கான் கிண்ணத்தில் கல்லை வைப்பார்கள். அமுதவல்லி அமிலக் குப்பியோடு வருவாள். தாய்மாமன் இருந்தால் முதல் சொட்டு அவர் கையால். நுரை பொங்கியதும் பெண்கள் குலவை போடுவார்கள், அமுதவல்லி கொல்லையின் பெயரைச் சொல்லுவாள், பெயரைக் கேட்டதும் வயசான ஆட்கள் கொஞ்சம் அழுவார்கள். பிறகு கேசரி. விற்றபோது வராத அழுகை இப்போது மட்டும் எங்கிருந்து வருகிறது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை, கேட்டால் கேசரி இறங்காது.

கம்பெனி சும்மா இருக்குமா. கம்பெனியில் நிலம் வாங்கும் அதிகாரி சேஷகிரி. நாங்கள் அவரை லேண்டு சார் என்போம். தங்கமான மனிதர், யார் வீட்டுச் சாவாக இருந்தாலும் மாலையோடு முதல் ஆளாக வருவார், குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசி நாங்கள் கேட்டதில்லை. அவர் பஞ்சாயத்து ஆபீசில் எங்களையெல்லாம் உட்காரவைத்து, எங்கள் கிரையப் பத்திரத்தை எங்களுக்கே படித்துக் காட்டினார். நிலத்தில் உள்ளதும் நிலத்துக்கு அடியில் உள்ளதுமான கல், மண், நீர், மரம் சகலமும் கம்பெனியைச் சேர்ந்தது என்று நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோம். அந்த நிலத்துக் கல் எங்கே கிடந்தாலும் அது கம்பெனிக் கல்தான், அதனால் அதை எடுக்கும் பொறுப்பும் கம்பெனிக்குத்தான், ஆகவே கம்பெனி ஆஸ்பத்திரியில் கல்லுக்கென்று தனி வார்டு திறக்கிறோம், மருந்து இலவசம், சாப்பாடு இலவசம், நுரை பார்க்க ஒரு துண்டு உங்களுக்கு, மீதி எங்களுக்கு என்றார். நாங்கள் கை தட்டினோம். எங்கள் உடம்புக்குள் இருந்ததைத் தன்னுடையது என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போக, நாங்கள் அதற்குக் கை தட்டினோம்.

கொஞ்ச நாளில் கனிமத் துறையிலிருந்தும் ஓர் உத்தரவு வந்தது. கல்லமேட்டு ஆட்களின் கல் கனிமக் கணக்கில் வருகிறது, அனுமதி பெற்றவர்கள் தவிர யாரும் அதை வெட்டி எடுக்கக் கூடாது என்று. தாலுகா ஆஸ்பத்திரியில் விலாவைப் பிடித்துக்கொண்டு போய் நின்றால் எந்த ஊர் என்று கேட்பார்கள், கல்லமேடு என்றதும் கம்பெனி ஆஸ்பத்திரிக்குக் கை காட்டிவிடுவார்கள். யாருக்கும் அதில் குறை இல்லை. எல்லோரும் விற்றவர்கள், எல்லோருடைய கல்லும் கம்பெனிக் கல்.

எல்லோரும் என்று சொல்லிவிட்டேன், அது தப்பு. கொளஞ்சி விற்கவில்லை.

கொளஞ்சி அமுதவல்லியின் அண்ணன். அவன் நிலம் நாவக்கொல்லை. சுற்றிலும் இருந்த கொல்லைகளையெல்லாம் கம்பெனி வெட்டி எடுத்துவிட்டதால், நாவக்கொல்லை நாலு பக்கமும் பள்ளம் சூழத் தனியாக மேடாக நின்றது. போக ஒற்றையடிப் பாதை, நடுவில் ஒரு நாவல் மரம், ஒரு கிணறு. பள்ளம் ஆழமாக ஆழமாகக் கிணற்று நீர் பள்ளத்துக்கு இறங்கிப்போய்விட்டது. அதற்குப் பிறகும் அவன் மானத்து மழையை நம்பிச் சோளமும் கடலையும் போட்டான். வெளுத்த புழுதியில் காலையிலிருந்து இருட்டும் வரை நின்றான், கையில் கொண்டுபோன ஒரு பாட்டில் தண்ணீரில் பாதியைச் செடிக்கு ஊற்றினான். அமுதவல்லியைக் கல்லூரியில் சேர்த்துப் படிக்க வைத்தது அந்தக் கொல்லைக் கடலைதான். அது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

அவன் யாரையும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் காலையில் அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசல் வழியாகப் போவது, எங்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டு போவது மாதிரிதான் எங்களுக்கு இருந்தது. பெரிய இவன், ஊருக்கு ஒரு சட்டம், இவனுக்கு ஒரு சட்டம் என்று டீக்கடையில் பேசினோம். இவனால்தான் கம்பெனி ரோடு போடவில்லை என்றோம், இவனால்தான் தண்ணீர்த் தொட்டி வரவில்லை என்றோம். ஆனாலும் நுரை பார்க்கக் கூப்பிட்டால் வந்துவிடுவான். பின்னால் நின்று பார்ப்பான், கொல்லையின் பெயரைச் சொல்லும்போது துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வான், கேசரி சாப்பிடாமல் போய்விடுவான்.

ஒரு சித்திரை மாதம் அவனுக்கும் வந்தது. கொல்லையில் விழுந்து கிடந்தவனை அவன் மனைவி செந்தாமரை இரண்டு பேரைக் கூட்டிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். வலது விலாவில் ஆரம்பித்து அடிவயிறு வரைக்கும் வலி. ஊர் ஓடிவந்தது. அழுகிற முகத்தை வைத்துக்கொண்டு ஓடிவந்தோமே தவிர, வழியெல்லாம் எங்களுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அவனுக்கும் வந்துவிட்டது, அவனும் நம்மைப் போலத்தான். நாவக்கொல்லைக் கல் எப்படி நுரைக்கும், வெள்ளை அதிகமாக இருக்குமா, சிப்பி அதிகமாக இருக்குமா என்று அவன் முனகிக்கொண்டிருக்கும்போதே அந்த அறையிலேயே பேச ஆரம்பித்துவிட்டோம். அது நாவக்கொல்லைக் கல் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் ஊரில் வேறு என்ன கல் வரும்.

தாலுகா ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். படத்தில் எல்லாக் கல்லும் வெள்ளையாகத்தான் தெரியும், எந்தக் கல் என்று சொல்லாது. நீர் இறங்கும் குழாயில் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது, கிட்னி வீங்கிவிட்டது, எடுக்காவிட்டால் கெட்டுப்போகும் என்றார் டாக்டர். எந்த ஊர் என்றார். பிறகு கம்பெனி ஆஸ்பத்திரிக்குக் கை காட்டினார்.

கம்பெனி ஆஸ்பத்திரியில் லேண்டு சாரே வந்தார். கொளஞ்சியின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவன் கையைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பேசினார். எடுப்பதில் எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, ஆனால் நாங்கள் எடுக்கவேண்டுமென்றால் அது எங்கள் கல்லாக இருக்கவேண்டும், நாவக்கொல்லை உங்களுடையது, உங்கள் கல்லை நாங்கள் தொட்டால் அது திருட்டு, கம்பெனி ஒருநாளும் அந்த மாதிரிக் காரியம் செய்யாது என்றார். வேண்டுமானால் அவனே கனிமத் துறையில் குவாரி அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்றும், அதற்குச் சுற்றுச்சூழல் சான்று வேண்டும், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும் என்றும் வழி சொன்னார். அதில் ஒரு வார்த்தைகூட அவர் கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

கொளஞ்சி வீட்டுக்கு வந்து படுத்தான். அமுதவல்லி அவனுக்குத் துணி வடிகட்டி கொடுத்தாள், நீரை வடிகட்டிப் பாரு அண்ணே, குருணையாகவாவது ஏதாவது விழுந்தால் கொடு, என்ன கல் என்று பார்த்துவிடுகிறேன் என்றாள். ஒன்றும் விழவில்லை. வைகாசியில் காய்ச்சல் வந்தது, கால் வீங்கியது, பல்லைக் கடித்துக் கடித்து ஒரு பல் ஓரம் உடைந்தது. ஊரார் நாங்கள் வரிசையாக வந்து அவன் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஒரே பேச்சைப் பேசினோம். மண்ணுதானே, நாங்கள் கொடுக்கவில்லையா, கொடுத்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று சொன்னவர்களில் பாதிப் பேர் அப்போது விலாவைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் அமுதவல்லிதான் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கொல்ல போனா போவுதுண்ணே. நீ இருந்தா போதும்."

"விக்காதன்னு அப்பா சொல்லிட்டுப் போனாரே?"

"அப்பா போயிட்டாரு. எனக்குப் பொறந்த வீடுன்னு நீ ஒருத்தன்தான் இருக்க. கையெழுத்துப் போடுண்ணே, நான் சொல்றேன்."

மற்றவர்கள் சொன்னபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன், அவள் சொன்னதும் பேனாவைக் கேட்டான். ஒன்றே ஒன்றுதான் கேட்டான், நாவல் பழம் உதிர்ந்து முடியும்வரை மரத்தை வெட்டவேண்டாம் என்று. லேண்டு சார் கண்டிப்பாக என்றார். கூடப்பிறந்தவள் என்ற முறையில் அமுதவல்லியும் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது, போட்டாள். கம்பெனி வண்டி வாசலிலேயே நின்றிருந்தது. அப்படியே ஏற்றிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்தார்கள். எடுத்த கல்லை டாக்டர் கொளஞ்சியின் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வலது கிட்னி பாதிதான் வேலை செய்யும், தாமதமாகிவிட்டது, இடதுபக்கம் நன்றாக இருக்கிறது, அதை வைத்துக் காலம் தள்ளிக்கொள்ளலாம், தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கவேண்டும் என்றார். அடுத்த வாரமே மரத்தை வெட்டிவிட்டார்கள். பழம் அப்போதுதான் கறுக்க ஆரம்பித்திருந்தது.

கொளஞ்சியை வீட்டுக்கு அனுப்பிய அன்று எங்கள் பங்குத் துண்டை ஆஸ்பத்திரியில் அமுதவல்லி கையில் கொடுத்தார்கள். டப்பாவைத் திறந்ததும் அவள் முகம் செத்துப்போனது. எங்கள் கற்கள் வெளுப்பாக, மழமழப்பாக இருக்கும். இது பழுப்பாக, உடம்பெல்லாம் முள்ளாக, நெருஞ்சிக்காய் மாதிரி இருந்தது. சோதனைக்கூடத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சில்லைப் பெயர்த்து அமிலத்தில் போட்டாள். அது பேசாமல் கிடந்தது. அமிலம் செத்துவிட்டதோ என்று பள்ளத்துக் கல் ஒன்றை எடுத்து அதில் போட்டாள், பொங்கியது. புது அமிலம் ஊற்றி இன்னொரு சில்லைப் போட்டாள், பொங்கவில்லை. பொடித்து, கரைத்து, இளஞ்சூட்டில் வைத்துப் பர்மாங்கனேட்டைச் சொட்டினாள். அந்த ஊதா நிறம் விழ விழ வெளுத்துக்கொண்டே போனது. ஆக்சலேட். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிற எந்த ஊர் மனிதனுக்கும் வருகிற வெறும் கல். தாலுகா ஆஸ்பத்திரியில் எடுத்திருக்கக்கூடிய கல். நாவக்கொல்லைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கிணறு வற்றிப்போனதைத் தவிர.

மீதித் துண்டை டப்பாவில் போட்டு மூடினாள். கையெழுத்துப் போடுண்ணே, நான் சொல்றேன் என்று சொன்னது அவள்தான்.

மறுநாள் காலை கொளஞ்சி வீட்டில் நுரை பார்க்க ஊரே கூடியது. அந்த மாதிரிக் கூட்டம் எந்த வீட்டு நுரைக்கும் கூடியதில்லை. கடைசி ஆளும் வந்து சேர்ந்துவிட்ட சந்தோஷம் எங்களுக்கு. செந்தாமரை தாம்பாளம் வைத்திருந்தாள், கொளஞ்சி கூடத்தில் கட்டிலில் தலையணையை முட்டுக் கொடுத்துச் சாய்ந்திருந்தான். அமுதவல்லி கிண்ணத்தில் கல்லை வைக்காமல் நேரே அடுப்படிக்குப் போனாள். ஈரமாக இருக்கிறது, சுட வைத்துக் காயவைத்துவிட்டுப் போடுகிறேன் என்றாள். நாங்கள் தலையாட்டினோம், படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஆக்சலேட்டைத் தணல் நிறம் வரும்வரை சுட்டால் அது உருமாறிச் சுண்ணாம்புக்கல்லின் குணத்துக்கு வந்துவிடும், அப்போது அமிலத்தில் போட்டால் நுரைக்கும். இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சுட்டுவிட்டால் வெறும் சுட்ட சுண்ணாம்பாகிவிடும், பிறகு நுரையாது. இது எங்கள் ஊரில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். இரும்புக் கரண்டியில் கல்லை வைத்து அடுப்பு நெருப்பில் காட்டிக்கொண்டு நின்றாள். பழுப்பு கறுத்தது, கறுப்பு சாம்பலானது, சாம்பல் வெளுத்தது. வெளுத்த அந்த நேரத்தில் எடுத்து, ஆறவைத்து, கிண்ணத்தில் வைத்தாள்.

கொளஞ்சிக்குத் தாய்மாமன் இல்லாததால் செந்தாமரையின் அண்ணன் முதல் சொட்டை விட்டார். நுரைத்தது. எல்லோருக்கும் நுரைத்த மாதிரியே வெள்ளையாக, சத்தமாக நுரைத்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அமுதவல்லி நாவக்கொல்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள், அண்ணன் கொல்லை என்பதால் அழுகிறாள் என்று நாங்களும் அழுதோம். கேசரியை அன்றைக்குக் கொளஞ்சியும் ஒரு வாய் வாங்கிக்கொண்டான். அவனைப் பார்த்து எங்களில் ஒருவர், இப்பத்தான் நீ ஊருக்குள்ள வந்திருக்கடா என்றார். அவன் அவரைப் பார்த்துச் சிரித்தான்.

ஆடி போய் ஆவணி போவதற்குள் நாவக்கொல்லை இருந்த மேடு இல்லை. ஐப்பசியில் அமுதவல்லிக்கு விலாவில் வலி வந்தது, வந்த வேகத்தில் ஒரு குருணை தானாகவே விழுந்தது. வெள்ளையாக இருந்தது. அவள் அதைச் சுடவில்லை, காயவைக்கக்கூட இல்லை. சொட்டு விட்டதும் பொங்கியது. அளவு போட்டுப் பார்த்தாள், அலமாரியில் நாவக்கொல்லையிலிருந்து எடுத்த மாதிரியோடு புள்ளி மாறாமல் ஒத்துப்போனது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, இத்தனை வருஷம் இத்தனை கல்லைக் கரைத்தும் புரியாதது. சரோஜாவுக்கு ஏன் வந்தது, பிள்ளைகளுக்கு ஏன் வரவில்லை, அவளுக்கே ஏன் இதுவரை வரவில்லை. விற்றவர்களுக்குத்தான் அந்தக் கல். கையெழுத்துப் போட்ட பிறகுதான் கொல்லை ஆளுக்குள் வளர ஆரம்பிக்கிறது. விற்காதவன் ஊரில் ஒருவன்தான் இருந்தான், அவனையும் நாங்கள் கல்லைக் காட்டியே விற்க வைத்தோம்.

இனி மறைத்து வைக்க முடியாது என்று அண்ணனிடம் சொல்லக் கிளம்பிப் போனாள். கொளஞ்சி கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வேலை இல்லை, மண்வெட்டியைக் கலியபெருமாள் மகன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவள் எதிரில் உட்கார்ந்து எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். அவனே கேட்டான்.

"மத்தவங்க கல்ல எல்லாம் பச்சையாத்தான போட்ட அமுதா. எங்கல்ல மட்டும் எதுக்குச் சுட்ட?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டாக்டர் கையில் வைத்தபோதே கல்லின் நிறத்தைப் பார்த்துவிட்டதாகவும், ஊரில் எந்தக் கல்லும் அந்த நிறத்தில் இருந்ததில்லை என்பது பின்னால் நின்று பார்த்தவனுக்குத் தெரியாதா என்றும் சொன்னான். அதை அவன் கோபமாகச் சொல்லவில்லை.

"தெரிஞ்சும் ஏண்ணே ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா கொல்ல திரும்பி வருமா?"

அவள் தன் குருணையைப் பற்றிச் சொன்னாள், யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்பதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இடது கையை எடுத்து இடது விலாவில் வைத்துக் காட்டினான். புரட்டாசியிலிருந்து வலிக்கிறது என்றான். செந்தாமரைக்கே அப்போதுதான் தெரியும், அடுப்படியிலிருந்து தண்ணீர்ச் சொம்போடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அமுதவல்லி எழுந்துவிட்டாள். நாளைக்கே கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போகலாம், இப்போது ஒரு தடையும் சொல்லமாட்டார்கள், ஒரு மணி நேர வேலை என்றாள்.

"எடுக்க வேணாம்."

"இருக்கறது அந்த ஒரு கிட்னிதான், அதுவும் போயிரும்ண்ணே."

"போவட்டும். நாவக்கொல்லையில மிச்சம் இது ஒண்ணுதான் இருக்கு. இதையும் அவனுவகிட்ட குடுக்கச் சொல்றியா?"

செந்தாமரை சொம்பை அவன் கையில் கொடுத்தாள். அவன் வாங்கிக் குடிக்காமல் தரையில் வைத்துவிட்டான். அன்றிலிருந்து அவன் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டான், கல் வளரட்டும் என்று.